நடுவில் மூன்றாவது ஸ்பீக்கர்: கூட்டுவது எளிது, கழிப்பதில்தான் வேலை

ஹோம் தியேட்டர் வைத்திருக்கும் வீடுகளில் நடு ஸ்பீக்கர் கட்டாயம் இருக்கும். படத்தில் வசனம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும். பாட்டு கேட்கும்போது மட்டும் ரிமோட்டில் ஸ்டீரியோ பட்டனை அழுத்தி அதை ஓரங்கட்டிவிடுவோம். பாட்டுக்கு இரண்டு ஸ்பீக்கர்தான் சரி, மூன்றாவது நுழைந்தால் கெட்டுவிடும் என்று ஆடியோ ஆர்வலர்கள் பலரும் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. இடது, வலது இரண்டையும் சும்மா கூட்டி நடுப்பெட்டிக்குக் கொடுத்தால் கெடத்தான் செய்யும். கூட்டுவதோடு நிற்காமல் பக்கத்து ஸ்பீக்கர்களிலிருந்து கொஞ்சம் கழிக்கவும் செய்தால் நிலைமை வேறு. எங்கள் ஹாலில் அப்படி ஒரு ஏற்பாட்டைப் படிப்படியாகச் செய்து முடித்திருக்கிறேன். சாலிடரிங் அயர்னும் மல்டிமீட்டரும் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யக்கூடியதுதான்.

முதலில், இரண்டு ஸ்பீக்கரில் என்ன குறை? பாடகர் நடுவில் நிற்பதாகக் கேட்பது காது செய்யும் ஜாலம். நடுவில் ஒன்றும் கிடையாது. இரண்டு பெட்டியும் ஒரே ஒலியை ஒரே அளவில் தருவதால், நடுவிலிருந்து வருகிறது என்று மூளை முடிவு கட்டிக்கொள்கிறது. ஆனால் இடது காதுக்கு இடது ஸ்பீக்கரின் ஒலி முதலில் வரும். வலது ஸ்பீக்கரின் ஒலி தலையைச் சுற்றிக்கொண்டு சுமார் கால் மில்லிசெகண்ட் பிந்தி வரும். வலது காதுக்கும் இதே கதை, பக்கம் மாறி. கால் மில்லிசெகண்ட் என்பது 2000 ஹெர்ட்ஸ் அலையில் சரியாகப் பாதி. அந்த இடத்தில் முந்தியதும் பிந்தியதும் ஒன்றையொன்று தின்று ஒரு பள்ளம் விழுகிறது. குரலின் தெளிவும் மெய்யெழுத்துகளின் கூர்மையும் இருக்கிற பகுதி அது.

இதை நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பிங்க் நாய்ஸ் (எல்லா சுருதியும் கலந்த சோதனை இரைச்சல்) ஒன்றை மோனோவில், அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலியாக, இரண்டு ஸ்பீக்கரிலும் ஓடவிட்டு, சரியாக நடுவில் உட்கார்ந்து தலையை மெதுவாக இடமும் வலமும் அசையுங்கள். 'ஷ்ஷ்' என்ற இரைச்சலின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். அடுத்து ஒரே ஸ்பீக்கரை நேர் எதிரே வைத்து அதே நாய்ஸைப் போட்டுத் தலையை ஆட்டுங்கள். ஒன்றும் மாறாது. இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு இந்த வேலையில் இறங்கும் தைரியம் வந்தது.

இன்னொரு குறை, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சோபாவின் நடு இருக்கையில் இருப்பவருக்கு மட்டும்தான் ஸ்டீரியோ. பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு அருகில் இருக்கிற ஸ்பீக்கர்தான் பாடும். எங்கள் சோபாவில் நடுவிலிருந்து இரண்டரை அடி தள்ளி உட்கார்ந்தால் ஒரு ஸ்பீக்கரின் ஒலி மற்றதைவிட இரண்டு மில்லிசெகண்டுக்கும் மேல் முந்தி வருகிறது. ஒரு மில்லிசெகண்டைத் தாண்டினாலே முந்தி வரும் ஒலியின் பக்கம் காது சாய்ந்துவிடும். அப்புறம் பாடகரும் அங்கேதான் போய் நிற்பார்.

மூன்று ஸ்பீக்கர் என்பது இன்றைக்கு நேற்றைக்கு வந்த யோசனை அல்ல. 1933 ஏப்ரல் 27 அன்று பிலடெல்பியாவில் அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கில் இசைக்குழு வாசிக்க, அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடமான பெல் லேப்ஸின் பொறியாளர்கள் அதை மூன்று மைக் வைத்துப் பிடித்து, மூன்று தனித்தனித் தொலைபேசித் தடங்களில் வாஷிங்டனுக்கு அனுப்பி, அங்கே கான்ஸ்டிடியூஷன் ஹால் மேடையில் மூன்று ஸ்பீக்கர்களில் ஒலிக்கவிட்டார்கள். அந்தக் குழுவின் தலைவர் ஹார்வி ஃபிளெட்சர். வழக்கமாக அந்த இசைக்குழுவை நடத்தும் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி அன்றைக்கு வாஷிங்டனில் உட்கார்ந்து ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தினார். பிலடெல்பியாவில் கோல் பிடித்தவர் வேறொருவர். பெரிய அரங்கில் பல பேர் பல இடத்தில் உட்கார்ந்து கேட்கும்போது இரண்டு சேனல் பற்றாது, குறைந்தது மூன்று வேண்டும் என்பது அவர்கள் கண்டது.

பிறகு ஏன் இரண்டாகிப் போனது? காரணம் எல்பி தட்டுதான். 1950களின் கடைசியில் வந்த ஸ்டீரியோ தட்டில் ஒரு பள்ளத்துக்கு இரண்டு சுவர். ஒரு சுவருக்கு ஒரு சேனல். மூன்றாவதை எழுத இடமில்லை. ஒலிப்பதிவுக் கூடங்களில் மெர்குரி, ஆர்சிஏ போன்ற நிறுவனங்கள் அப்போது அரை இஞ்ச் டேப்பில் மூன்று தடமாகத்தான் பதிவு செய்தன. தட்டுக்கு வரும்போது நடுத்தடத்தை இரண்டு பக்கமும் பிரித்துக் கலந்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஸ்பீக்கர் செய்துகொண்டிருந்த பால் கிளிப்ஷ் மட்டும் விடவில்லை. மூலைக்கு மூலை வைக்கும் தன் பெரிய ஸ்பீக்கர்களுக்கு நடுவே வைப்பதற்கென்றே 1957இல் 'ஹெரெசி' என்ற சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார். அது இன்றும் விற்பனையில் இருக்கிறது, ஜோடியாக வாங்கி இரண்டு சேனலில் கேட்கிறார்கள்!

சரி, வேலைக்கு வருவோம்.

எங்கள் ஹால் பன்னிரண்டுக்குப் பதினேழு அடி. ஸ்பீக்கர் வைக்கும் சுவர் பன்னிரண்டு அடிப் பக்கம். ஏற்கெனவே ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் எட்டடி இடைவெளியில் இருந்தது; சோபா அந்தக் கோட்டிலிருந்து ஏழடி. நடுவுக்கு வேறு பிராண்டில் ஏதாவது வாங்கிப் போடலாம் என்று கடையில் சொன்னார்கள். அதற்கு நான் தயாராக இல்லை. மூன்றும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வீணைக் கமகம் இடமிருந்து வலம் போகும்போது மூன்று வேறு வீணை கேட்கும். ஒற்றையாக விற்க மாட்டார்கள் என்பதால் அதே மாடலில் இன்னொரு ஜோடி வாங்கினேன். மிஞ்சிய நான்காவது சமையலறையில் எஃப்எம் பாடுகிறது.

'சென்டர் ஸ்பீக்கர்' என்று விற்கிற படுக்கைவசப் பெட்டிகளையும் பார்த்தேன். நடுவில் உயர்ந்த சுருதிக்கான ட்வீட்டர், இரண்டு பக்கமும் தாழ்ந்த சுருதிக்கான இரண்டு ஊஃபர். டிவிக்குக் கீழே அழகாக உட்காரும், ஆனால் பக்கவாட்டில் நகர்ந்தால் இரண்டு ஊஃபருக்கும் காதுக்கும் உள்ள தூரம் மாறி, குரல் பகுதியில் ஒலி வெட்டுப்படும். பக்கத்து இருக்கைக்காகத்தான் நடு ஸ்பீக்கரே வைக்கிறோம்; அங்கேயே குழி தோண்டும் பெட்டி எதற்கு? புக்‌ஷெல்ஃபை நிமிர்த்தித்தான் வைத்தேன். அதற்காக டிவியை ஒரு முழம் உயர்த்தி மாட்ட வேண்டியிருந்தது. உட்கார்ந்தால் காது தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வருகிறது. மூன்று ட்வீட்டரும் அதே உயரம்.

நடு ஸ்பீக்கருக்குச் சின்னது போதும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. பின்னால் வரும் கணக்கின்படி குரல் போன்ற நடு ஒலிகளில் மொத்த சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு நடுப்பெட்டிக்குத்தான் போகிறது. உள்ளதிலேயே நல்லது அங்கே இருக்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபையருக்கு, ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும் டிபிஏ3116 கிளாஸ்-டி போர்டு இரண்டு. ஒவ்வொன்றும் இரண்டு சேனல். நான்கில் மூன்று போதும். ஒரே போர்டு, ஒரே கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) என்பதால் அளவு பொருத்தும் தொல்லை இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய புத்தகங்களில் மூன்றாவது ஆம்பே இல்லாமல் நடு ஸ்பீக்கர் இணைக்கும் வழி ஒன்று இருக்கும். இடது ஆம்பின் பிளஸ்ஸுக்கும் வலது ஆம்பின் பிளஸ்ஸுக்கும் குறுக்கே ஒரு ஸ்பீக்கரைப் போட்டால் அதில் கூட்டல் வராது, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம்தான் வரும். பாடகர் காணாமல் போவார். டேவிட் ஹாஃப்லர் இதைப் பின்பக்க ஸ்பீக்கருக்குப் பயன்படுத்தினார். நடுவுக்கு வேண்டுமென்றால் ஒரு சேனலின் உள்ளீட்டைத் தலைகீழாக்கி, அந்தப் பக்கத்து ஸ்பீக்கர் வயரையும் மாற்றிப் போட்டு, பிறகு பிளஸ்ஸுக்கும் பிளஸ்ஸுக்கும் குறுக்கே நடு ஸ்பீக்கரை இணைக்க வேண்டும். பழைய டிரான்சிஸ்டர், வால்வு ஆம்ப்களில் இது நடக்கும். டிபிஏ3116 போன்ற போர்டுகளில் ஒவ்வொரு சேனலின் இரண்டு முனையிலுமே மின்னழுத்தம் ஓடும், மைனஸ் என்பது கிரவுண்டே அல்ல. அதில் இந்த வித்தையைக் காட்டினால் போர்டு போய்விடும். தனி ஆம்ப் வைப்பதே நிம்மதி.

சும்மா கூட்டிப் பார்த்தது

வேண்டுமென்றே எளிய வழியில்தான் தொடங்கினேன், எது எதனால் வருகிறது என்று தெரிய வேண்டுமே. டாக்கிலிருந்து (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) வரும் இடது, வலது இரண்டு சிக்னலும் வழக்கம்போல் இரண்டு ஆம்புக்கு. அதோடு இரண்டிலிருந்தும் ஆளுக்கொரு 10கே (10 கிலோ ஓம்) ரெசிஸ்டர் எடுத்து, மறுமுனைகளை ஒன்றாகச் சேர்த்து மூன்றாவது ஆம்புக்கு. ரெசிஸ்டர் இல்லாமல் ஒய் கேபிளால் நேராகச் சேர்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் இரண்டு அவுட்புட்டும் ஒன்றோடொன்று மோதும், ஸ்டீரியோவும் மோனோவாகிவிடும். 10கே போட்டால் இரண்டுக்கும் இடையே 20கே. கசிவு காதுக்கு எட்டாது.

வயரின் திசையை 1.5 வோல்ட் பேட்டரியால் சரிபார்த்துக்கொண்டேன். ஸ்பீக்கர் முனையில் ஒரு நொடி தொட்டால் கோன் மூன்றிலும் வெளிப்பக்கம் தள்ள வேண்டும். நடுவில் மட்டும் மாறியிருந்தால் குரல் பொந்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும், பேஸும் வடிந்துபோகும்.

கேட்டால் எப்படி? குரல் வந்த விதத்தில் எனக்கு ஆச்சரியம். ஒரு இடத்தில் ஊன்றி நிற்கிறது, மூச்சு இழுப்பது, 'ச'வும் 'ட'வும் விழுவது எல்லாம் தனித்தனியாகத் தெரிகிறது. ஆனால் மேடை சுருங்கிவிட்டது. 80களின் தமிழ்ப் பாடல்களில் வயலின் கூட்டம் சுவருக்குச் சுவர் விரிந்து நிற்குமே, அது எல்லாம் பாடகரின் தோளுக்கு வந்துவிட்டது. காரணம் எளிது. இடதில் மட்டும் இருக்கும் வயலின் இப்போது இடது ஸ்பீக்கரிலும் வருகிறது, நடுவிலும் வருகிறது. காது அதை இரண்டுக்கும் இடையில் கொண்டுபோய் வைக்கிறது. நடுவின் ஒலியைக் குறைத்தால் மேடை விரிகிறது, குரல் பழையபடி மங்குகிறது. கூட்டினால் குரல் வருகிறது, மேடை போகிறது. மூன்றாவது ஸ்பீக்கர் கெடுக்கும் என்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் என்றே நினைக்கிறேன்.

கழித்துப் பார்த்தது

இதற்கு வழி சொன்னவர் இங்கிலாந்தின் மைக்கேல் கெர்சான். சரவுண்ட் ஒலி பற்றி நிறைய யோசித்த கணிதக்காரர். இரண்டு சேனலை மூன்று ஸ்பீக்கருக்குப் பிரிக்கும்போது மொத்த சக்தி கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்ற நிபந்தனையோடு 1990களின் தொடக்கத்தில் அவர் இதற்கு மேட்ரிக்ஸ், அதாவது எந்த ஸ்பீக்கருக்கு எந்தச் சிக்னலில் எத்தனை பங்கு என்ற கணக்கு, போட்டுக் கொடுத்தார். அதில் ஒரு அமைப்பு இது: இடது ஸ்பீக்கருக்கு இடது சிக்னலில் 0.79 பங்கு, அதிலிருந்து வலது சிக்னலில் 0.21 பங்கைக் கழிக்க வேண்டும். வலது ஸ்பீக்கருக்கு இதையே மாற்றி. நடுவுக்கு இரண்டிலும் 0.58 பங்கு, கூட்டி.

இடதில் மட்டும் ஒரு ஒலி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது ஸ்பீக்கரில் 0.79, நடுவில் 0.58, வலது ஸ்பீக்கரில் தலைகீழாக 0.21. மூன்றின் வர்க்கத்தையும் கூட்டினால் ஒன்று, சக்தி மாறவில்லை. நடு ஸ்பீக்கர் வயலினை உள்ளே இழுக்கும்போது, எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் அந்தச் சின்னத் தலைகீழ் ஒலி அதை வெளியே தள்ளுகிறது. குரல் போல இரண்டிலும் சமமாக இருப்பது நடுவில் பக்கங்களைவிட இரண்டு மடங்கு, அதாவது 6 டெசிபல் கூடுதலாக வரும்.

சாலிடர் செய்வதற்கு முன் இதைக் கம்ப்யூட்டரில் கேட்டுப் பார்த்தேன். 5.1 யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று, விண்டோஸில் ஈக்குவலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள். எந்தச் சேனலில் எதை எத்தனை பங்கு கலப்பது என்று அதில் எழுதிக் கொடுக்கலாம். பச்சை ஜாக்கில் இடது, வலது. ஆரஞ்சு ஜாக்கில் நடுவும் சப்ஊஃபரும் சேர்ந்து வரும். சில கார்டுகளில் அந்த இரண்டும் இடம் மாறியிருக்கும், விண்டோஸின் ஸ்பீக்கர் டெஸ்டை ஓடவிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. கலக்கும் வரிக்கு முன்னால் ஒலியை 2 டெசிபல் குறைத்து வையுங்கள். இரண்டு சேனலிலும் உச்சத்தில் ஒரே ஒலி வந்தால் நடுவில் 1.15 ஆகிறது, குறைக்காவிட்டால் உரத்த பாடல்களில் குரல் மட்டும் கிழியும்.

அடுத்தது தூரம். எட்டடியில் இருந்த பக்க ஸ்பீக்கர்களைப் பத்தடிக்கு அகலப்படுத்தினேன். கணக்குப் போட்டுப் பார்த்ததுதான் காரணம். எட்டடியில் இரண்டு சேனலாகக் கேட்கும்போது இடது ஓரத்து ஒலி 30 டிகிரியில் நிற்கும். பத்தடியில், சும்மா கூட்டும் முறையில், தாழ்ந்த சுருதிகளுக்கு அது 23 டிகிரிக்கு உள்ளே வந்துவிடுகிறது. கழிக்கும் முறையில் 29 டிகிரி. இழந்த மேடை ஏறக்குறைய முழுசாகத் திரும்பிவிட்டது, நடுவும் கிடைத்தது.

மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால் நடு ஸ்பீக்கர் காதுக்கு அருகில் வந்துவிடும். பக்கத்து ஸ்பீக்கர் 8.6 அடி, நடு 7 அடி. வித்தியாசம் 1.6 அடி, நம்மூர் வெக்கையில் ஒலி அதைக் கடக்க 1.4 மில்லிசெகண்ட். அந்த அளவு நடுவைத் தாமதப்படுத்தினேன். இந்த ஒரு எண்ணை மாற்றிவிட்டுக் கேட்ட வித்தியாசம்தான் இந்த வேலை முழுவதிலும் பெரியது. தாமதம் இல்லாதபோது பாடகர் முன்னால் வந்து தனியாகப் பாடுகிறார், பக்கவாத்தியம் வேறு அறையில் இருக்கிறது. 1.4 போட்டதும் எல்லாரும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒலி அளவைப் பொருத்த மொபைல் ஆப் போதும். மேட்ரிக்ஸை அணைத்துவிட்டு, ஒரே பிங்க் நாய்ஸை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனியாக ஓடவிட்டு, சோபாவிலிருந்து மூன்றும் ஒரே எண் காட்டும்படி வைத்தேன். ஆப் காட்டும் எண் உண்மையா என்பது முக்கியமில்லை. மூன்றுக்கும் ஒரே பொய் சொன்னால் சரி.

பெட்டிக்குள் அடைத்தது

பாட்டு கேட்பதற்கு ஒவ்வொரு தடவையும் லேப்டாப்பைத் திறப்பது வீட்டில் நடக்காத காரியம். எண்கள் பிடித்துப்போனதும் அதையே ஆப்-ஆம்பில் (சிக்னலைக் கூட்டவும் கழிக்கவும் பயன்படும் சின்ன ஐசி) கட்டினேன். அழகு என்னவென்றால், ரெசிஸ்டர்கள் எல்லாம் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மதிப்புகளிலேயே அமைந்துவிட்டன.

விகிதம்தான் முக்கியம் என்பதால் எல்லாவற்றையும் 0.79ஆல் வகுத்தால், இடது ஸ்பீக்கர் என்பது இடதிலிருந்து வலதின் 0.27 பங்கைக் கழித்தது. நடு என்பது இரண்டின் கூட்டலில் 0.73 பங்கு. ஆப்-ஆம்பின் மைனஸ் உள்ளீட்டுக்கு வலது சிக்னலை 10கே வழியாகக் கொடுத்து, அவுட்புட்டிலிருந்து மைனஸுக்கு 2.7கே ஃபீட்பேக். பிளஸ் உள்ளீட்டுக்கு இடது சிக்னலை 2.7கே வழியாகக் கொடுத்து, அங்கிருந்து கிரவுண்டுக்கு 10கே. அவ்வளவுதான், இடது ஸ்பீக்கர் முடிந்தது. வலதுக்கு இதையே மாற்றிப் போடவும். நடுவுக்கு இரண்டு சிக்னலையும் ஆளுக்கொரு 10கே வழியாக பிளஸ் உள்ளீட்டில் சேர்க்க வேண்டும். அங்கே சராசரி கிடைக்கும். மைனஸிலிருந்து கிரவுண்டுக்கு 10கே, ஃபீட்பேக்குக்கு 4.7கே போட்டால் 1.47 மடங்கு. சராசரியை 1.47ஆல் பெருக்கினால் கூட்டலின் 0.735 பங்கு.

மூன்று ஆப்-ஆம்ப் வேண்டும். என்ஈ5532 ஐசி ஒன்றில் இரண்டு இருக்கும், ஆக இரண்டு ஐசி. மிஞ்சும் நான்காவதைச் சும்மா விடக் கூடாது. அவுட்புட்டை மைனஸோடு சேர்த்து, பிளஸ்ஸைக் கிரவுண்டில் கட்டிவிட வேண்டும். சப்ளைக்கு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், 7812, 7912 ரெகுலேட்டர்கள். ஐசியின் சப்ளைக் கால்களை ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள். இவற்றை மிச்சம் பிடித்தால் 5532 காதுக்குக் கேட்காத உயரத்தில் ஊளையிடும், ஆம்ப் காரணம் தெரியாமல் சூடாகும். ஒவ்வொரு அவுட்புட்டிலும் 100 ஓம் ஒன்று தொடர்ச்சியாகப் போட்டேன், நீளமான கேபிளுக்குப் பாதுகாப்பு. வால்யூம் கன்ட்ரோல் பெட்டிக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். என் டாக்கிலேயே வால்யூம் இருப்பதால் வேலை மிச்சம். சாதாரண பொட்டென்ஷியோமீட்டரை நேராக இந்தப் பெட்டிக்கு முன் வைத்தால் திருகும் இடத்தைப் பொறுத்துக் கழித்தல் விகிதம் மாறும்; நடுவில் ஒரு பஃபர் (சிக்னலை மாற்றாமல் இரண்டு பக்கத்தையும் பிரித்து வைக்கும் சர்க்யூட்) தேவைப்படும்.

ஆம்பில் இணைக்குமுன் மல்டிமீட்டரில் சோதித்தேன். மொபைலில் 100 ஹெர்ட்ஸ் டோன், டாக் அவுட்புட் ஒரு வோல்ட் ஏசி வரும்படி. நிறைய மல்டிமீட்டர்கள் ஆயிரம் ஹெர்ட்ஸில் தடுமாறும், அதனால்தான் தாழ்ந்த டோன். இடதில் மட்டும் கொடுத்தால் இடது அவுட்புட்டில் 1 வோல்ட், வலதில் 0.27, நடுவில் 0.73. இரண்டிலும் கொடுத்தால் பக்கங்களில் 0.73, நடுவில் 1.47. மீட்டரில் இந்த எண்களைப் பார்த்தபோது கிடைத்த திருப்தியை வீட்டில் யாரிடமும் விளக்க முடியவில்லை.

அனலாக் பெட்டியில் தாமதம் கிடையாது. ஆகவே தாமதத்தை இடத்தால் ஈடுகட்ட வேண்டும். டிவி யூனிட்டில் நடு ஸ்பீக்கரைப் பின்னுக்குத் தள்ள இடமில்லை. பக்கத்து இரண்டையும் சோபாவையும் ஒன்றரை அடிக்குச் சற்று அதிகமாக முன்னால் நகர்த்தினேன். மூன்றிலிருந்தும் நடு இருக்கைக்கு டேப் பிடித்தால் ஒரே அளவு. ஸ்பீக்கர்கள் சுவரை விட்டு விலகியதில் பேஸின் குமுறலும் கொஞ்சம் அடங்கியது.

பெட்டியின் முகப்பில் 4 போல் 3 வே ரோட்டரி சுவிட்ச் ஒன்று. ஒரு நிலையில் பழைய இரண்டு சேனல், அடுத்ததில் மூன்று சேனல், கடைசியில் நடு மட்டும். ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: என் பெட்டியில் மூன்று சேனல் நிலை, இரண்டு சேனலைவிட 2 டெசிபல் உரத்து வரும். உரத்தது எப்போதுமே நன்றாகத்தான் கேட்கும். ஒப்பிடும்போது வால்யூமை அந்த அளவு குறைத்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

கேட்டது

கர்நாடகக் கச்சேரிதான் இந்த ஏற்பாட்டுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. பாடகர் நடுவில், பார்ப்பவர்களுக்கு வலப்பக்கம் வயலின், இடப்பக்கம் மிருதங்கம். ஒழுங்காக ஸ்டீரியோவில் பதிந்த கச்சேரியில் பாடகர் நிரவலில் ஒரு சங்கதி போட, வயலின் அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் இரண்டு பேரும் தனித்தனி ஆட்களாகத் தெரிகிறார்கள். இரண்டு ஸ்பீக்கரில் பாடகரின் மந்திர ஸ்தாயி கொஞ்சம் பரந்து, எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருக்கும். இப்போது அதற்கு ஒரு ஆள் அகலம்தான். மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள் இடது ஓரத்திலேயே நிற்கின்றன, நடுவுக்கு ஓடி வருவதில்லை.

சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தால் குரல் முழுக்க நடுவிலேயே நிற்கிறது என்று சொல்ல மாட்டேன். டிவியின் ஓரம் வரைக்கும் சாய்கிறது. ஆனால் அருகிலுள்ள ஸ்பீக்கருக்குள் போய் விழுவதில்லை. வீட்டில் மற்றவர்களுக்கு இதுதான் பிடித்த விஷயம். 2000 ஹெர்ட்ஸ் பள்ளம் பற்றியெல்லாம் அவர்களுக்கு அக்கறை இல்லை.

எம்.எஸ்.விஸ்வநாதன் காலத்து மோனோ பாடல்களுக்கு நடு ஸ்பீக்கர் மட்டும் போதும். ஒரே பெட்டியில் மோனோ கேட்பதில் இருக்கும் உறுதி, அதையே இரண்டு பெட்டியில் கேட்கும்போது கிடைப்பதில்லை. பழைய பாட்டு பிரியர்கள் மேட்ரிக்ஸ் எல்லாம் கட்டாவிட்டாலும் இதற்காகவாவது நடுவில் ஒரு நல்ல ஸ்பீக்கர் வைக்கலாம்.

மூன்று தடமாகவே பதிந்தவற்றைக் கேட்க ஒரு நண்பரின் எஸ்ஏசிடி (பல சேனல் வைக்கக்கூடிய உயர்தர சிடி வகை) பிளேயரை இரவல் வாங்கினேன். மெர்குரி, ஆர்சிஏ நிறுவனங்களின் அந்த 1950களின் பதிவுகளில் சில, 2000களில் மூன்று சேனலாகவே எஸ்ஏசிடியில் வந்தன. பிளேயரின் 5.1 அனலாக் அவுட்புட்டிலிருந்து மூன்று வயர் எடுத்து, என் பெட்டியைத் தவிர்த்து நேராக ஆம்புக்கு. இசைக்குழுவின் நடுவில் இருக்கும் மரக்குழல் வாத்தியங்கள் ஆழத்தோடு, அசையாமல் நிற்கின்றன. மேட்ரிக்ஸால் இரண்டிலிருந்து மூன்று செய்வது இதற்குக் கிட்டத்தில் வருகிறது, ஆனால் இது ஆகாது. இல்லாத தகவலை ரெசிஸ்டரால் கொண்டுவர முடியாதே.

பிடிக்காதவையும் இருக்கின்றன. ஸ்டீரியோ புதிதாக வந்த காலத்தில் பாட்டை ஒரு பக்கமும் வாத்தியத்தை மறுபக்கமும் முழுசாக ஒதுக்கிப் பதிந்த தட்டுகளில், எதிர்ப்பக்கத்துத் தலைகீழ் ஒலி காதில் ஒரு விசித்திர அழுத்தம் தருகிறது. அவற்றுக்கு இரண்டு சேனல்தான். இன்னொன்று, சில புதுப் பாடல்களில் குரல் சற்றுக் காட்டமாக வருகிறது. ஒலிக்கலவை செய்பவர் இரண்டு ஸ்பீக்கரில் கேட்டு, அந்தப் பள்ளத்தை ஈடுகட்டுவதுபோலக் குரலைத் தூக்கி வைத்திருப்பார். பள்ளமில்லாத நடு ஸ்பீக்கரில் அந்தத் தூக்கல் அப்படியே தெரிகிறது. கம்ப்யூட்டர் வழியாகக் கேட்கும்போது நடுச் சேனலில் மட்டும் 2000 ஹெர்ட்ஸைச் சுற்றி ஒன்றரை டெசிபல் குறைத்தால் சரியாகிவிடுகிறது. பெட்டியில் அதற்கு வசதி இல்லை, இனிமேல்தான் ஒரு சின்ன சர்க்யூட் சேர்க்க வேண்டும். கெர்சான் 5000 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு விகிதமும் மேலே வேறு விகிதமும் சொன்னார். அவற்றில் ஒன்று நான் போட்டது, மற்றது இன்னும் மென்மையானது. அந்த மென்மையான விகிதத்தில் குரல் மூன்று ஸ்பீக்கரிலும் சமமாக வரும். கம்ப்யூட்டரில் கேட்டேன், என் காதுக்கு எல்லா சுருதிக்கும் ஒரே விகிதம் போதும் என்றே பட்டது. சின்ன அறையில் அருகில் உட்கார்ந்து கேட்பவர்கள் அதை முயன்று பார்க்கலாம்.

சப்ஊஃபர் இருந்தால் அதற்கு சிக்னலை மேட்ரிக்ஸுக்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் முறையில் கேட்பவர்கள் ஹெட்ஃபோனைப் பச்சை ஜாக்கில் செருகும்போது மேட்ரிக்ஸை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் நடு ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய பங்கு காதுக்கு வராது. குரல் 5 டெசிபல் கிட்டக் குறைந்து பின்னால் போய்விடும், எதிரொலி மட்டும் தூக்கலாகக் கேட்கும். ஹெட்ஃபோனுக்குத் தனி புரொஃபைல் ஒன்று வைத்துக்கொண்டேன்.